மச்சாண்டார் மாட்டிய முன்சக்கரம்

சக்கரத்தை மாட்டி முடித்து, ஸ்டாண்டிலிருந்து தள்ளி இறக்கியதும் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பின்பக்கம் தூக்கியிருந்தது. விளக்கு ரோட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது. முள்ளுக்குறிச்சியில் எங்கள் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடி அது. தை மாதத்துக் காலை வெயில். தவழத் தொடங்கியிருந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "என்னங்கண்ணா, வண்டி சாமி கும்பிடுது" என்று என் கணவர் சிரித்தார். அவருடைய அண்ணன் சிரிக்கவில்லை. குந்தியிருந்த இடத்திலிருந்து எழாமல், அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கணவரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மச்சாண்டார் என்போம். தம்பி பெண்டாட்டி மச்சாண்டாருக்கு எதிரே நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. அம்மாவைப் பார்த்து, அத்தைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டது. அவர் முற்றத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். நான் முற்றத்தில் இருந்தால் அவர் வாசலிலேயே செருமிவிட்டு வருவார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் நடுவில் என் கணவர் இருந்தார். "சோறு போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்று அவரிடம் சொல்வேன். பக்கத்திலேயே நிற்கும் மச்சாண்டார் காதில் அது விழுந்திருக்கும். ஆனாலும் தம்பி திரும்பச் சொன்ன பிறகுதான் கை கழுவ எழுந்து போவார். இப்போதுள்ள பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்று எனக்கு இதில் குறையாக எதுவும் தெரியவில்லை. நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர் என்றுதான் நினைத்தேன்.

தாயும் தகப்பனும் காலராவில் அடுத்தடுத்துப் போனபோது என் கணவர் பால்குடி மறக்காத பிள்ளை. மச்சாண்டார்தான் தூக்கி வளர்த்தார். வளர்ந்த பையனாக இருந்தவர் படிப்பை விட்டுவிட்டு ராசிபுரத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஊரிலேயே சைக்கிள் கடை வைத்தார். கிணற்று ஆயில் எஞ்சின்களும் பழுது பார்ப்பார். அவருக்குக் கல்யாணம் ஆகி, முதல் பிரசவத்திலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வேறு பெண் பார்க்க அவர் சம்மதிக்கவே இல்லை. தம்பிதான் அவருக்குப் பிள்ளை. அவரைப் படிக்க வைத்தார், சர்க்கார் உத்தியோகத்தில் சேர்த்தார், பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அவர்தான் முதலில் படியேறினார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "எம் பையன் கொஞ்சம் அவசரக்காரனுங்க. மத்தபடி கொற சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்று என் அப்பாவிடம் சொன்னார்.

அது உண்மைதான். என் கணவர் அம்மை குத்துகிறவர். மலைமேல் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; தேவனூர் நாடும் ஆலத்தூர் நாடும் அவர் பொறுப்பில் இருந்தன. வீடு வீடாகப் போய் அம்மை வராமல் இருக்கக் குத்திவிட்டு வர வேண்டும். யாராவது வந்து கூப்பிட்டால் சாப்பிடுகிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மலைக்கு அப்போது பஸ் கிடையாது. ஜீப் ஏறுகிற அளவுக்கு மண் ரோடு மட்டும் வெட்டியிருந்தார்கள். அதையும் மழை அறுத்துக்கொண்டு போகும், மறுபடி வெட்டுவார்கள். ஏறி இறங்கித் தம்பியின் கால் வீங்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு எஸ்டேட்டில் தூசி படிந்து கிடந்த சீமை வண்டியை மச்சாண்டார் வாங்கி வந்தார். சிறிய எஞ்சின், வயசான வண்டி. அதைப் பிரித்துப் போட்டு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஓட வைத்தார்.

அந்த வண்டியின் முன்சக்கரம்தான் ஆலத்தூர் நாட்டிலிருந்து திரும்பும்போது பாறையில் மோதியது. ரிம் நெளிந்ததோடு ஓரிடத்தில் வெடித்தும் விட்டது. நெளிந்த ரிம்மை நிமிர்த்துவது மச்சாண்டாருக்குத் தினசரி வேலை. வெடித்ததை ஒன்றும் செய்ய முடியாது. சீமை வண்டிகளுக்குச் சாமான் வருவது அந்த வருஷங்களில் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, வேறு ஏதோ வண்டியின் முன்சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இருந்ததைவிட நாலு விரற்கடை சிறியது. அச்சும் மெலிது. ராசிபுரத்து லேத் பட்டறையில் புஷ் எனும் உள்வளையம் கடைந்து போட்டு அச்சைச் சரிப்படுத்தினார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற சந்து விழுந்தது. வேகம் காட்டுகிற முள்ளுக்கு ஒயர் சேரவில்லை. அதையெல்லாம் விட்டுவிடலாம். பிரேக் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

எனக்கு இது அன்று புரியவில்லை. நடந்ததை விளங்கிக்கொள்ள வேறு வழி இல்லாமல், பின்னால் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சக்கரத்தின் நடுவில் பிரேக் கட்டைகளைத் தாங்கும் தட்டு ஒன்று இருக்கிறது. சக்கரம் சுற்றினாலும் அந்தத் தட்டு சுற்றாமல் நிற்க வேண்டும். அதற்காக, முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் போர்க்கில் காது போல ஒரு நீட்டல் இருக்கும், அது தட்டைப் பிடித்துக்கொள்ளும். புதுச் சக்கரத்தின் தட்டு அந்தக் காதுக்கு எட்டவில்லை. அப்படியே விட்டுப் பிரேக்கைப் பிடித்தால் தட்டும் சேர்ந்து சுற்றி, ஒயரை முறுக்கி, சக்கரத்தைச் சட்டென்று நிறுத்தி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். தட்டையும் போர்க்கையும் சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை அடித்து மாட்ட வேண்டும். கொல்லர் அன்று ஊரில் இல்லை. மச்சாண்டார் முன் பிரேக் ஒயரைக் கழற்றினார். மறந்துகூடப் பிடித்துவிடக் கூடாதென்று பிரேக் கைப்பிடியையும் கழற்றிக் கடைக்குள் வைத்துவிட்டார். வண்டிக்கு இனிப் பின் பிரேக் மட்டும்தான்.

"நாளைக்குக் கொல்லரு வந்துருவாரு. பட்டைய அடிச்சு மாட்டிக்கிட்டுப் போலாம்" என்றார்.

"நாளைக்கு மதியத்தோட ஐஸ் கரைஞ்சு போயிருமுங்கண்ணா. அப்பறம் மருந்தக் கீழ கொட்ட வேண்டியதுதான்" என்றார் என் கணவர். தேவனூர் நாட்டில் இரண்டு வீடுகளில் அம்மை கண்டுவிட்டதாக முந்தின நாள் ஆள் வந்து சொல்லியிருந்தது. மருந்துக் குப்பிகள் ராசிபுரத்திலிருந்து வந்த ஐஸோடு பிளாஸ்கில் இருந்தன. நடந்து போனால் ஒரு பகல் போய்விடும்.

மச்சாண்டார் சக்கரத்தின் நட்டை இன்னொரு முறை முறுக்கினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"செரி, ஏறிப் போ. ஏறும்போது ஒண்ணுந் தெரியாது. ஆனா இதுல எறங்காத. முன்னால தாழ்ந்து கெடக்குது, எறக்கத்துல பாரமெல்லாம் முன்னாலதான் வரும். பின் பிரேக்கு தாங்காது. வேல முடிஞ்சா வண்டிய மேலயே போட்டுட்டு நடந்து வா. நான் பட்டைய எடுத்துக்கிட்டு வந்து மாட்டி, நானே எறக்கிக்கிட்டு வாரேன்."

"செரிங்கண்ணா."

"எறங்காதடா கண்ணு."

"அட, செரிங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அடுக்களைக் கதவோரம் வந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சத்தம் மலை அடிவாரம் வரைக்கும் கேட்டது. மச்சாண்டார் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். அன்று எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் வரவில்லை. முன்கூட்டியே மனசுக்குத் தெரிந்தது என்று பலர் சொல்வார்கள்; எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் அவர் அந்த ஊரில் எல்லோருக்கும் குத்தி முடித்துவிட்டார். வண்டியை ஒரு வீட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வரத்தான் கிளம்பியிருக்கிறார். மிளகு பறிக்கிற காலம் அது. பலாமரத்தில் ஏறியிருந்த கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒரு வாலிபன் மூங்கில் ஏணியிலிருந்து வழுக்கி, இடுப்பில் செருகியிருந்த கொடுவாள் மேலேயே விழுந்துவிட்டான். தொடை கிழிந்துவிட்டது. என் கணவர் துணியை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. தூளி கட்டித் தூக்கி இறக்கினால் பொழுது சாய்ந்துவிடும். அந்த வாலிபனைப் பின்னால் உட்கார வைத்து, அவன் சரிந்து விழாமல் இருக்க ஒரு வேட்டியால் இருவரையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டியில் இறங்கினார்.

பாதி மலையில் ரோடு வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள்தான் கடைசியாகப் பார்த்தவர்கள். எஞ்சின் சத்தத்தைவிடக் கற்கள் தெறிக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது என்றார்கள். வண்டியில் போனவர் இரண்டு கால்களையும் ரோட்டில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே, "வெலகுங்க, வெலகுங்க" என்று கத்திக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வளைவில் ரோடு திரும்பியது, வண்டி திரும்பவில்லை.

அதே நேரத்தில் மச்சாண்டார் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தார். காலையில் கொல்லர் வந்ததும் பட்டையை அடிக்க வைத்து, துளை போட்டு, ஸ்பேனர்களோடு பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். ரோட்டு ஆட்கள் இருவரையும் கயிற்றுக் கட்டில்களில் தூக்கிக்கொண்டு வந்தபோது வழியில் எதிர்ப்பட்டார். அந்தப் பட்டை அவர் பையில் இருந்தது. ஒரு கட்டிலின் கால்பக்கத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

என் கணவரை வீட்டு வாசலில் கிடத்தினார்கள். முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் பார்த்தது அவருடைய பாதங்களைத்தான். செருப்பு இரண்டும் தேய்ந்து ஓட்டை விழுந்து, குதிகால்களில் தோலே இல்லை. மேலிருந்தே காலை ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறார், ஆபத்து அவருக்குத் தெரியும் என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. தெரியாமல் மாட்டிக்கொண்டவருடைய பாதங்கள் இல்லை அவை.

காரியம் முடிந்து சில நாட்களில், இறந்துபோன அந்த வாலிபனின் அப்பா தன் உறவுக்காரர்கள் நாலைந்து பேரோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். கடை வாசலில் வந்து நின்றார்கள். ஊர் கூடிவிட்டது. அடிதடி வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். மச்சாண்டார் வெளியே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அந்தச் சின்னச் சக்கரத்த மாட்டுனது ஆருங்க?" என்று அந்த அப்பா கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நாந்தானுங்க."

"அதுல எறங்கக் கூடாதுன்னு உங்க தம்பிக்குத் தெரியுமுங்களா?"

ஊரே மச்சாண்டார் வாயைப் பார்த்தது. அவர் சொல்லப் போகிறார், சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன்.

"தெரியாதுங்க" என்றார். "நான் சொல்லலீங்க. தப்பு என்னோடதுங்க."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். தலையில் முக்காடு இருந்ததா என்றுகூட நினைவில்லை. "சொன்னாருங்க! எறங்காத, எறங்காதன்னு ரெண்டு தரம் சொன்னாருங்க. எங் காதால கேட்டேன். அவருக்குத் தெரியுமுங்க" என்று கத்தினேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில், மச்சாண்டாருக்கு எதிரே, நான் பேசியது அது ஒருமுறைதான்.

மச்சாண்டார் திரும்பினார். அவர் என்னிடம் நேராகப் பேசியதும் அது ஒருமுறைதான். "உள்ள போ கண்ணு" என்றார். பிறகு அவர்களைப் பார்த்து, "பச்சப் புள்ளக்காரிங்க. துக்கத்துல ஏதோ பேசுது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

யாரோ பெண்கள் வந்து என்னை உள்ளே இழுத்தார்கள். அந்த அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு, "செரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டார்.

ஊர் மச்சாண்டாரைப் பெருந்தன்மைக்காரர் என்று சொல்லவில்லை. சொந்தத் தம்பியைக் கொன்றவன் என்றது. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன சொல்லும்? ஆயில் எஞ்சினுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சைக்கிள் பஞ்சர் மட்டும் வந்தது. மோட்டார் வண்டி எதையும் அவர் அதற்குப் பிறகு தொடவும் இல்லை. எனக்கும் என் பிள்ளைக்கும் மலைக்காரர்களால் வம்பு வந்துவிடக் கூடாதென்றுதான் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று என் அம்மா சொன்னாள். இருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்தது நன்றி இல்லை. ஆத்திரம்தான். ஒருவர் ஆபத்து என்று தெரிந்தே, இன்னொரு உயிரைக் காப்பாற்றுவதற்காக இறங்கினார். இவர் சொன்ன ஒரே பொய்யில் அந்த மனிதர் விவரம் தெரியாமல் போய் விழுந்தவராகிவிட்டார். என் கணவரிடமிருந்து கடைசியாக மிச்சமிருந்ததையும் இவர் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

ஆத்திரத்தைச் சொல்லவும் வழி இல்லை. ஒரே வீட்டில் இருந்தோம். நடுவில் நின்று பேச்சைக் கடத்த என் கணவர் இல்லை. பிள்ளை வளர்ந்து பேசத் தொடங்கியதும் அவன் அந்த இடத்துக்கு வந்தான். "உங்கம்மாவ டீச்சர் டிரெயினிங் சேரச் சொல்லு சாமி. புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று பிள்ளையிடம் சொன்னார், பக்கத்து அறையில் நான் கேட்டேன். சேர்ந்தேன். ஆசிரியை ஆனேன். என் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள், "உங்கப்பனக் கொன்னது உங்க பெரியப்பன்தான்" என்று சொல்லும்வரை அவனும் அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. அன்றைக்கு இறங்கியவன் பிறகு ஏறவே இல்லை. நடந்ததை நான் எத்தனையோ தரம் அவனுக்குச் சொன்னேன். "அவரே சொல்லலைன்னு ஊருக்கு முன்னால சொல்லிட்டாரேம்மா. நீ எதுக்கு அவருக்குப் பரிஞ்சு பேசற?" என்பான். நேராகப் போய் அவரையே கேட்டான் ஒருநாள். "ஆமா சாமி, நாந்தான்" என்றாராம்.

வருஷங்கள் இப்படியே போயின. மகன் சேலத்தில் வேலைக்குப் போனான். பெரியப்பா இருக்கிற வீட்டுக்குத் தீபாவளி பொங்கலுக்குக்கூட அரை மனசாகத்தான் வந்தான். மச்சாண்டாருக்கு முதுகு வளைந்தது, கண் மங்கியது. ஒவ்வொரு வருஷமும் தை மாசத்தில் கடையைச் சாத்திவிட்டு இரண்டு மூன்று நாள் எங்கோ போவார். ராசிபுரம் என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் அடுக்களை வாசலில் ஒரு பொட்டலம் புது மிளகு இருக்கும். சந்தையில் வாங்கியது என்று நினைத்து எடுத்து வைப்பேன்.

ஒரு கார்த்திகைக் காலையில், ட்யூப் ஒட்டிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மகனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தான். ஆனால் கொள்ளி வைக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னபோது, "எங்கப்பனக் கொன்னவருக்கு நான் கொள்ளி வெக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், காலைத் தொடவும் குனிந்தேன். அவன் அசையவில்லை. தூரத்துப் பங்காளி ஒருவர் வைத்தார். பிள்ளையைப் போலத் தம்பியை வளர்த்து, தம்பி பிள்ளையையும் வளர்த்தவர் போனது இப்படித்தான்.

அதற்கு அடுத்த மாசி. மலையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "பெரியவரு இந்த வருஷம் வரலீங்களே. ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களான்னு எங்கத்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். எந்த அத்தை, எந்த ஊர் என்று கேட்டேன். தேவனூர் நாட்டில் என் கணவர் கடைசியாகக் குத்தப் போன ஊரின் பெயரைச் சொன்னார். அவரோடேயே பஸ் ஏறினேன். கல்யாணமாகி முள்ளுக்குறிச்சிக்கு வந்த நாளிலிருந்து தினமும் பார்த்த மலைதான். மேலே போனது அன்றுதான் முதல் தடவை.

அந்த அத்தை, இறந்துபோன வாலிபனின் மனைவி. என் வயசுதான் இருக்கும். மச்சாண்டார் இறந்துவிட்டார் என்று சொன்னதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் நான் யார் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாக யாரும் நம்பாத அந்த விஷயத்தையும் சொன்னேன். "எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமுங்க. வண்டியில எறங்கக் கூடாதுன்னு அவுங்கண்ணன் சொல்லித்தான் அனுப்புனாரு. தெரிஞ்சுதான் உங்க ஊட்டுக்காரர ஏத்திக்கிட்டாரு" என்றேன்.

"எங்களுக்குத் தெரியுமுங்களே" என்றாள் அவள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தூளி கட்டுங்க, நானும் ஒரு பக்கம் தூக்கறேன்னுதான் மொதல்ல சொன்னாருங்க. இந்த வண்டிக்கு முன் பிரேக் இல்ல, எங்கண்ணன் எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குது, ஏத்த முடியாதுன்னு சொன்னாரு. எங்க மாமனாரு அவரு கால்ல விழுந்தாரு. வயித்துல புள்ளையோட நானும் விழுந்தேனுங்க. கொஞ்ச நேரம் வண்டியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம், செரி, கட்டுங்கன்னாரு."

முடியாது என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் அந்த ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"எங்க மாமனாரு அன்னிக்கு உங்க ஊட்டுக்குச் சண்டைக்கு வரலீங்க. எம் பேச்சக் கேட்டுத்தான் உங்க தம்பி போனாருன்னு சொல்லி அழுதுட்டு வரலாமுன்னுதான் வந்தாரு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம ஏதோ கேட்டிருக்காரு. அதுக்குள்ள உங்க மச்சாண்டாரு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாராம். எங்க மாமனாருக்கு அப்பறம் வாய் வரலீங்க. சுமந்துக்கிட்டுப் போன பழிய வேற ஒருத்தரு வாங்கிக்கிட்டா, குடுத்துட்டு வரத்தானே தோணும்?"

அடுத்த வருஷம் மிளகு பறிக்கிற சமயத்தில் மச்சாண்டார் தானாகவே நடந்து மேலே வந்திருக்கிறார். உங்கள் வீட்டில் மரம் ஏற ஆள் இல்லையே, நான் பறித்துத் தருகிறேன் என்றாராம். வயசான அந்த அப்பா அப்போதுதான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு மச்சாண்டார் சொன்னதை அவள் மறக்காமல் வைத்திருந்தாள். "எறங்காதன்னு சொன்னேனுங்க. ஆனா ஆராவது கூப்பிட்டா அவன் எறங்கிருவான்னு எனக்குத் தெரியும். நான் வளத்த பையன், எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுக்கிட்டேதான் நட்ட முறுக்குனேன். அப்பறம் சொன்னேன்னு சொல்லி நான் தப்பிச்சுக்கறதுல என்னங்க இருக்குது?"

மரம் ஏற முடிகிற வரைக்கும் ஏறினாராம். பிறகு கீழே உட்கார்ந்து மிளகு உதிர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்த அப்பா போன பிறகும் வருவது நிற்கவில்லை.

இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். ஒரு சுவர்தான் நடுவில். அந்தச் சுவரைத் தாண்டாத பேச்சு இவ்வளவு பெரிய மலையை ஏறி வந்திருக்கிறது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று அவளிடமே கேட்டேன். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

"உங்ககிட்ட எப்படிங்க பேசுவாரு?" என்றாள் அவள். அவளுக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது. "மச்சாண்டாருங்களே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் சேலத்திலிருந்து வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவன் குறுக்கே பேசவில்லை. மலைக்காரி சொன்னதை மட்டும் இரண்டாவது தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு எழுந்து போய், பூட்டிக் கிடந்த கடைக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தான்.

"பெரியப்பாவுக்கு நான் மொட்டையாவது போட்டிருக்கலாமில்லம்மா?" என்றான்.

"போட்டிருக்கலாம்" என்றேன். அவனுக்கு ஆறுதலாக வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.